வோல்தெர்ராவின் சுவர்

நவம்பர் 6, புதன். பொந்தெதேரா, மழை

பேருந்து எங்கள் கண் முன்னாலேயே போய்விட்டது. ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள நிறுத்தத்துக்கு வரும் என்று அட்டவணையில் போட்டிருந்ததை நம்பி அங்கேயே பெட்டியோடு நின்றோம். அது தெருவின் மறுபக்கம் வந்து நின்று இரண்டு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. அக்கா மகன் ஓடிப்போய்க் கதவைத் தட்டினான். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார், கையை விரித்தார், போயே போய்விட்டார். அடுத்த வண்டிக்கு இரண்டேகால் மணி நேரம். நிறுத்தம் மாறியதை ஒரு துண்டுக் காகிதத்திலாவது எழுதி ஒட்டியிருக்கலாம்.

ஷூவுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. பக்கத்தில் இருந்த சின்னக் காப்பிக்கடைக்குள் போய் உட்கார்ந்தோம். கடைக்கார அம்மா என் காலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ப் பழைய செய்தித்தாள் ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தார். கசக்கி ஷூவுக்குள் திணிக்கச் சொல்லி சைகை காட்டினார். மழைக்காலத்தில் எங்கள் அம்மாவும் இதையேதான் செய்வார். இரண்டு கப்புச்சினோ, இரண்டு சாண்ட்விச், மொத்தம் பதினோரு யூரோ. செய்தித்தாளுக்கும் அன்புக்கும் அவர் காசு வாங்கவில்லை.

எங்கே போகிறேன் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் தஸ்கனிப் பகுதியில் வோல்தெர்ரா என்று ஒரு மலை ஊர் இருக்கிறது. அங்கே 1888-ல் ஏழை மனநோயாளிகளுக்காகச் சிறிய அளவில் ஓர் இல்லம் தொடங்கினார்கள். அது வளர்ந்து வளர்ந்து 1930களின் கடைசியில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்த மருத்துவமனை ஆகிவிட்டது. அதாவது ஊருக்குப் பக்கத்தில் இன்னொரு ஊர். 1978-ல் இத்தாலி மனநல மருத்துவமனைகளையே மூடச் சொல்லிச் சட்டம் போட்டது. அதன் பிறகு அந்தக் கட்டடங்கள் சில வேறு வேலைக்குப் போயின, சில அப்படியே விடப்பட்டு மரம் முளைத்து நிற்கின்றன. அதில் ஒரு கட்டடத்தின் முற்றத்துச் சுவரில் ஒரு நோயாளி வருடக்கணக்காகச் செதுக்கி எழுதியிருக்கிறார். பத்து வருடத்துக்கு முன்னால் அதன் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் பார்த்தேன். கல்வெட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். அன்றிலிருந்து அந்தச் சுவரை நேரில் பார்க்க வேண்டும் என்று மனதில் கிடந்தது. இந்த முறை வேலை விஷயமாக பிசா வர வேண்டியிருந்தது, அக்கா மகனும் அங்கேதான் படிக்கிறான், இத்தாலிய மொழி நன்றாகப் பேசுகிறான். "சித்தி, பேய் வீட்டுக்கெல்லாம் நான் வரமாட்டேன்" என்றான். பேய் வீடு இல்லடா என்று சொல்லிக் கூட்டிவந்தேன்.

மலை ஏறும்போது இருட்டிவிட்டது. வளைவு மேல் வளைவு. மேலே போகப் போக மூடுபனி. தங்கும் வீட்டுப் பாட்டிக்கு எழுபத்தைந்து வயதாவது இருக்கும். சுற்றுலாக் கூட்டமெல்லாம் போன பிறகு நான்கு இரவு தங்க வந்திருக்கிறீர்களே, என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டார். இவன் மருத்துவமனை என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. சாவியை மேசையில் வைத்துவிட்டு, ஹீட்டரை எப்படித் திருப்புவது என்று மட்டும் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

நவம்பர் 7, வியாழன். மூடுபனி

காலையில் சன்னலைத் திறந்தால் எதிர்வீடு இல்லை. வெள்ளையாக ஒரு திரை. ஐந்நூறு மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர் இது, கீழே பள்ளத்தாக்கில் வெயில் அடித்தாலும் மேலே மேகம் உட்கார்ந்துகொள்ளும் என்று கடையில் சொன்னார்கள். நாங்கள் மருத்துவமனைக்கு முன்பதிவு செய்திருந்தது வெள்ளிக்கிழமைதான். சரி, இன்றைக்கு ஊர்.

வோல்தெர்ரா எத்ருஸ்கர்களின் ஊர், ரோமானியர்களுக்கும் முந்தைய ஊர். அவர்கள் கட்டிய வாயில் ஒன்று இன்னும் நிற்கிறது, மூன்று தலைகள் மழையில் கரைந்து முகமே இல்லாமல் மேலிருந்து பார்க்கின்றன. சந்துகளில் அலபாஸ்டர் கல் பட்டறைகள். வெண்மையான, வெளிச்சம் ஊடுருவும் மென்கல். ஒரு பட்டறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன், உள்ளே எல்லாமே மாவு கொட்டியது மாதிரி இருந்தது, வேலை செய்பவரின் புருவம்கூட வெள்ளை. கையசைத்து உள்ளே கூப்பிட்டார். படம் எடுக்கலாமா என்று கேட்டதற்கு, என்னை எடுக்காதே, கையை எடு என்றாராம். எடுத்தேன்.

மதியம் வோல்தெர்ரா சூப் என்று கேட்டு வாங்கினோம். காய்கறி, அவரைக்கொட்டை, பழைய ரொட்டி எல்லாம் போட்டுக் கெட்டியாக வேகவைத்தது, பத்து யூரோ. அதற்கு மேல் உட்கார்ந்ததற்கு ஆளுக்கு இரண்டு யூரோ. சூடாக வயிற்றுக்குள் போனதும் உயிர் வந்தது. ஆனால் ரொட்டியில் உப்பு துளியும் இல்லை. தஸ்கனி முழுக்க ரொட்டி இப்படித்தான். இந்த மலைக்குக் கீழே சலீனே என்ற ஊரில் காலங்காலமாக உப்பு எடுக்கிறார்கள், அந்த உப்பு இந்த ரொட்டிக்குள் மட்டும் ஏறவில்லை. அக்கா மகனுக்காக மதுரையிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சல் பாட்டில் என் பையில் இருந்தது. ராத்திரி அறையில் அந்த ரொட்டியில் புளிக்காய்ச்சலைத் தடவிச் சாப்பிட்டோம். அருமையாக இருந்தது, உப்பில்லாத ரொட்டிக்கென்றே செய்தது போல.

மாலையில் பனி கொஞ்சம் விலகியபோது ரோமானிய அரங்கத்தைப் பார்த்தோம். மதில்மேல் தெருவிலிருந்து பார்த்தால் காசு கிடையாது, மொத்த அரங்கமும் கீழே விரிந்து கிடக்கும். கல் படிகள், பின்னால் உயரமான தூண்கள். 1950களில் என்ரிகோ ஃபியூமி என்ற உள்ளூர் அறிஞர் இதைத் தோண்டி எடுத்தார். தோண்டிய கைகள் மருத்துவமனை நோயாளிகளின் கைகள். கூலியாட்களுக்குக் கொடுக்கப் பணமில்லாத காலத்தில் அவர்களைத்தான் மண் வெட்ட அழைத்து வந்தார்கள். இது எனக்குப் போகும் முன்பே தெரியும், ஆனாலும் அந்தத் தூண்களுக்கு முன் நின்றபோது வேறு மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு ஜெர்மன் குடும்பம் சிரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஃபியூமியின் பெயர் எனக்குத் தெரிகிறது. மண்வெட்டி பிடித்தவர்களில் ஒருவர் பெயர்கூடத் தெரியாது.

அறைக்குத் திரும்பியபோது பாட்டி அடுப்படியில் கூப்பிட்டு உட்காரவைத்தார். நேற்று ஒன்றும் சொல்லாமல் போனது மனதில் இருந்திருக்க வேண்டும். அவருடைய அம்மா அந்த மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவராம். அம்மா மட்டும் இல்லை, மாமா சமையல்கூடத்தில், பெரியப்பா தோட்டத்தில். இந்த ஊரில் அப்போது பாதி வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்த மருத்துவமனைச் சம்பளத்தில்தான் என்றார். சின்ன வயதில் பக்கத்து ஊர்களுக்குப் போனால் எந்த ஊர் என்று சொல்லக் கூச்சமாக இருக்குமாம். அங்கெல்லாம் பிள்ளைகள் சேட்டை செய்தால் "வோல்தெர்ராவுக்கு அனுப்பிவிடுவேன்" என்றுதான் பெரியவர்கள் மிரட்டுவார்களாம்.

அக்கா மகன் இதை மொழிபெயர்த்துவிட்டு என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். "கீழ்ப்பாக்கம்" என்றோம் இரண்டு பேரும். எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம் அந்தச் சொல்லை, வகுப்பறையில், சினிமா பார்த்துவிட்டு, கோபத்தில், விளையாட்டில். ஒரு பகுதியில் குடியிருப்பவர்கள் தங்கள் முகவரியைச் சொல்லத் தயங்கும்படி ஆக்கிவைத்திருக்கிறோம். பாட்டிக்கு அதை விளக்கச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே எங்கள் தட்டில் இன்னொரு துண்டு பாலாடைக்கட்டி வைத்தார். செம்மறியாட்டுப்பால் கட்டி, காட்டு முட்செடியின் பூவைப் போட்டுப் பாலைத் திரிக்கிறார்களாம். லேசான கசப்பு, ரொம்ப நன்றாக இருந்தது.

நவம்பர் 8, வெள்ளி. மேகம், காற்று

மருத்துவமனை இருக்கும் குன்று ஊருக்கு வெளியே கொஞ்ச தூரத்தில். இன்றைக்கும் அதே வளாகத்தில் ஊரின் பொது மருத்துவமனை நடக்கிறது. கார்கள் வருகின்றன, வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் போன் பேசிக்கொண்டே நடக்கிறார்கள், அதைத் தாண்டி மரங்களுக்கு நடுவே போனால் சன்னல் இல்லாத, கூரை இடிந்த கட்டடங்கள். கைவிடப்பட்ட கட்டடங்களுக்குள் போகத் தடை. அது சரியான தடைதான், தளம் எந்த நேரமும் இறங்கும். வேலி தாண்டிக் குதித்துப் போய்ப் படம் எடுப்பவர்கள் நிறையப் பேர் உண்டு, அவர்களுடைய படங்களைப் பார்த்துத்தான் நானும் ஆசைப்பட்டேன். ஆனால் நான் வழிகாட்டியோடுதான் போனேன். முப்பது வயது இருக்கும் பெண், காலில் கனமான பூட்ஸ், கழுத்தில் ஒரு சாவிக்கொத்து. எங்களோடு மிலானிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதியும் இருந்தார்கள்.

முதலில் ஷார்கோ கட்டடம் வெளியிலிருந்து. கட்டடங்களுக்கெல்லாம் மனநல மருத்துவர்களின், அறிஞர்களின் பெயர்: ஷார்கோ, மரல்யானோ, லொம்ப்ரோசோ, ஃபெர்ரி. ஐவி கொடி சன்னல் வழியாக உள்ளே போய் அடுத்த சன்னல் வழியாக வெளியே வந்திருந்தது. நடக்கும்போது வழிகாட்டி லூய்ஜி ஸ்காபியாவைப் பற்றிச் சொன்னார். 1900 முதல் 1934 வரை இங்கே தலைமை மருத்துவர். கட்டிப்போடுவதை விட வேலை கொடுப்பது மேல் என்று நம்பியவர். ரொட்டிச் சூளை, தச்சுப் பட்டறை, செங்கல் சூளை, வயல், எல்லாம் நோயாளிகளே நடத்தினார்கள். நோயாளிகள் சுட்ட செங்கல்லில் நோயாளிகள் கட்டிய கட்டடங்கள் இவை. வளாகத்துக்குள் மட்டும் செல்லும் நாணயம்கூட அடித்திருந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயமும்கூட. ஆனால் 1904-ஆம் வருடச் சட்டத்தின்படி தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவர், பொது இடத்தில் அவமானம் உண்டாக்குபவர் என்று முத்திரை குத்தினால் போதும், உள்ளே வந்துவிடலாம். வெளியே போவதுதான் கடினம். உள்ளே நாணயம் செல்லும், வெளியே அதற்கு மதிப்பில்லை.

அப்புறம் ஃபெர்ரி. நீதிமன்றம் வழியாக வந்தவர்களை வைத்த கட்டடம். இரும்புக் கதவு வழியாக முற்றத்துக்குள் போனோம்.

சுவரைக் காணவில்லை. அதாவது சுவர் இருந்தது, எழுத்து இல்லை. சாம்பல் நிறப் பூச்சு, அங்கங்கே உதிர்ந்து செங்கல் தெரிந்தது, பாசி, ஈரத் திட்டுகள். இதற்காகவா இத்தனை வருடம் என்று நெஞ்சு அடைத்தது. வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல் கைவிளக்கை எடுத்துச் சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தார். எழுத்துகள் எழுந்து வந்தன. ஒன்றிரண்டு இல்லை. வரி வரியாக, கோணம் கோணமாக, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, நடுவில் வட்டங்கள், கோடுகள், விமானம் மாதிரி ஏதோ, ஆண்டெனா மாதிரி ஏதோ. கைவிளக்கை நகர்த்தினால் பழையது மறைந்து புதியது வருகிறது. அக்கா மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

எழுதியவர் பெயர் ஒரேஸ்தே ஃபெர்னாந்தோ நன்னெத்தி. ரோமில் 1927-ஆம் வருடம் டிசம்பர் 31 அன்று பிறந்தவர். அப்பா யாரென்று தெரியாது. ஏழு வயதில் அனாதை இல்லம், பத்து வயதில் மனநலக் காப்பகம். 1948-ல் அரசு ஊழியரை அவமதித்தார் என்று வழக்கு, மனநிலை சரியில்லை என்று விடுவித்தார்கள். பிறகு ரோமில் ஒரு மனநல மருத்துவமனை, 1958-ல் வோல்தெர்ரா. இந்த ஃபெர்ரி கட்டடத்தில் இரண்டு தடவையாக, 1959 முதல் 1961 வரையும் 1968 முதல் 1973 வரையும் இருந்தார். தன் பெயரின் முதலெழுத்துகளை வைத்துத் தன்னை என்ஓஎஃப் 4 என்று அழைத்துக்கொண்டார். விண்மீன் கர்னல், மன மண்டலத்தின் விண்வெளிச் சுரங்கப் பொறியாளர், இதெல்லாம் அவரே வைத்துக்கொண்ட பதவிகள். பேனா கிடையாது, ஆணி கிடையாது. மருத்துவமனை கொடுத்த கையில்லாத சட்டையின் பக்கிள், அதன் கூர்முனை. முற்றத்தில் நடக்க விடும் நேரத்தில் அதை வைத்துக் கீறினார். முதலில் ஒரு பக்கத்தின் சட்டத்தைக் கோடாக வரைந்துகொள்வாராம், பிறகு அதை எழுத்தால் நிரப்புவாராம், நிரம்பியதும் அடுத்த பக்கம். அப்படி 180 மீட்டர். அது போதாமல் ஒரு படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் இன்னொரு நூறு மீட்டர்.

எனக்கு இன்னும் கண்ணை விட்டு அகலாதது வேறொன்று. சுவரை ஒட்டிக் கல் இருக்கைகள். அவற்றுக்கு மேலே எழுத்து திடீரென்று மேலே ஏறி, ஒரு வளைவாக வளைந்து, மறுபடி இறங்குகிறது. நடுவில் வெற்றிடம், ஒரு தலையும் தோளும் அளவுக்கு. அந்த இடத்தில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்றார் வழிகாட்டி. அசையாமல், பேசாமல், நாள் முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த சக நோயாளிகள். நன்னெத்தி அவர்களை எழுப்பவில்லை, தள்ளவில்லை. அவர்களைச் சுற்றி எழுதிக்கொண்டே போனார். அவர்கள் போய்விட்டார்கள், அவர்களின் தலைக்கு விட்ட இடம் அப்படியே இருக்கிறது.

மிலான் அம்மா கைக்குட்டையை எடுத்தார். நான் படம் எடுக்க முயன்றேன். மேக வெளிச்சத்தில் எல்லாம் தட்டையாக விழுந்தது, வெற்றுச் சுவர் மாதிரி. கைவிளக்கு வைத்து எடுத்தால் ஒரு முழ அகலம்தான் தெரிகிறது. குளிரில் பேட்டரி வேறு பாதியிலேயே இறங்கிவிட்டது, மாற்றுப் பேட்டரியைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கிப் போட்டேன். நாற்பது படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. வழிகாட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாளை மாலை மூன்று மணிக்கு இன்னொரு குழு வருகிறது, வெயில் வந்தால் நீங்களும் வாருங்கள், டிக்கெட் வேண்டாம் என்றார்.

நவம்பர் 9, சனி. வெயில்!

காலையில் நீலவானம். பாட்டி சன்னலைத் திறந்துவைத்து, பார், கடல் தெரிகிறது என்று மேற்கே கைகாட்டினார். உண்மையிலேயே தெரிந்தது, தூரத்தில் ஒரு வெள்ளிக்கோடு.

சனிக்கிழமை ஊரில் சந்தை. வறுத்த பன்றி இறைச்சி வைத்த ரொட்டி ஐந்து யூரோ என்று அக்கா மகன் ஒன்று வாங்கினான், கடைக்காரர் அவனுடைய இத்தாலிய மொழியைக் கேட்டுச் சந்தோஷப்பட்டு ஓரத்து மொறுமொறுப்பை வெட்டிக் கூடுதலாக வைத்தார். எனக்கு ஒரு கிலோ ஆரஞ்சு இரண்டு யூரோ.

பிறகு லொம்ப்ரோசோ கட்டடத்தில் இருக்கும் அருங்காட்சியகம். சின்னதுதான். நன்னெத்தியின் சுவரிலிருந்து உதிரும் முன் பிரித்தெடுத்துக் காப்பாற்றிய சில துண்டுகள் இங்கே இருக்கின்றன. அவற்றில் முகத்தை வைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு கீறலின் ஓரத்திலும் பூச்சு பொடிந்து சிறு பற்கள் மாதிரி இருக்கிறது. கையால் எழுதிப் பார்த்தேன், காற்றில். ஒரு எழுத்துக்கு நான்கைந்து முறை அழுத்தி இழுத்திருக்க வேண்டும்.

அவர் எழுதியதைப் படிக்கக் கற்றுக்கொண்ட முதல் ஆள் ஒரு நர்ஸ், அல்தோ த்ராஃபெலி. யாரோடும் அதிகம் பேசாத நன்னெத்தி இவரோடு பேசினார். உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எந்தக் குறி எந்த எழுத்து என்று த்ராஃபெலி புரிந்துகொண்டார், அவர் இல்லையென்றால் இன்றைக்கு அது வெறும் கீறல். நன்னெத்தி தபால் அட்டைகளும் எழுதுவாராம், இல்லாத உறவினர்களுக்கு. அவரைப் பார்க்க யாரும் வந்ததில்லை. சுவரில் ஓரிடத்தில் இறந்தவர்களின் கணக்கு இருக்கிறது: பத்து சதவீதம் காந்தக் கதிர்களின் அடியால், நாற்பது சதவீதம் தொற்றிய நோய்களால், ஐம்பது சதவீதம் வெறுப்பாலும், அன்பும் பாசமும் இல்லாததாலும். அக்கா மகன் இதைப் படித்துச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். நான் கொஞ்ச நேரம் கழித்துத்தான் போனேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மருத்துவமனையிலிருந்து நோயாளிகள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் பல போய்ச் சேரவே இல்லை. அனுப்பாமல் அவரவர் மருத்துவக் கோப்புக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். எப்போது வருவாய், பிள்ளை எப்படி இருக்கிறான், எனக்கு இப்போது தேவலை என்று எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். பதில் வரவில்லை, நம்மை மறந்துவிட்டார்கள் என்றுதானே எண்ணியிருப்பார்கள்? வீட்டில் இருந்தவர்களும் அதையே எண்ணியிருப்பார்கள். 1978-ல், சட்டம் வந்த அதே வருடம், அந்தக் கடிதங்களைத் தொகுத்து நூலாகப் போட்டார்கள். சட்டத்தின் எண் 180, மே 13 அன்று வந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் ஃபிராங்கோ பசாலியா என்ற மனநல மருத்துவர், கொரிஸியா, த்ரியெஸ்தே ஊர்களில் மனநல மருத்துவமனைக் கதவுகளைத் திறந்து காட்டியவர்.

நம் ஊருக்கு எல்லாமே தாமதமாகத்தான் வருகிறது என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அருங்காட்சியகத்தில் கட்டிப்போடும் வார்களைப் பார்த்தபோது ஏர்வாடிதான் நினைவுக்கு வந்தது. 2001-ஆம் வருடம் ஆகஸ்ட் 6, விடியற்காலை, மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்த காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீ. சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர். அன்றைய செய்தித்தாள் படத்தில் கருகிய தரையில் சங்கிலி மட்டும் கிடந்தது. எனக்கு அப்போது பதினாறு வயது, அப்பா பேப்பரை மடித்து ஒளித்து வைத்தார், எடுத்துப் பார்த்தேன். அக்கா மகனுக்கு இது தெரியாது. அவன் அப்போது பிறக்கவே இல்லை. படியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே அவனுக்குச் சொன்னேன்.

மூன்று மணிக்கு ஃபெர்ரி. மூன்றரைக்கு மேல் வெயில் சாய்ந்து முற்றத்துக்குள் வந்தது, சுவரை ஒட்டி, நேற்று வழிகாட்டி கைவிளக்கைப் பிடித்த அதே கோணத்தில். ஒரு முனையிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன, நிழல் விழுந்து, ஆழம் வந்து, மொத்தச் சுவரும் பேச ஆரம்பித்தது போல. கிட்டத்தட்ட இருபத்தைந்து நிமிடம். ட்ரைபாடை வைத்து ஒரு அடி, படம், ஒரு அடி, படம் என்று நகர்ந்தேன். இடிந்த சன்னல், துருப்பிடித்த கட்டில், உரிந்த பெயின்ட் எதையும் எடுக்கத் தோன்றவில்லை. அவையெல்லாம் எந்தப் பாழடைந்த கட்டடத்திலும் கிடைக்கும். மற்ற குழுவில் ஒரு இளைஞன் சக்கர நாற்காலி ஏதாவது இருக்குமா என்று வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தான். பயமுறுத்தும் படம் வேண்டும் போல. வழிகாட்டி பொறுமையாக அவனைக் கல் இருக்கைக்குக் கூட்டிப்போய் அந்த வெற்றிடத்தைக் காட்டினார். அவன் அதற்குப் பிறகு கேமராவைத் தூக்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

வெயில் போனதும் எழுத்து மறுபடி சுவருக்குள் போய்விட்டது. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் உதிர்கிறது. கீழே தரையில் பூச்சுத் துகள்கள் கிடந்தன, ஒரு துகளில் கோடு ஒன்று தெரிந்தது. எடுக்கவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு. மறுபடி மேகம்

ஞாயிற்றுக்கிழமை பேருந்து அபூர்வம். பிற்பகலில்தான் வண்டி என்பதால் காலையில் சான் ஃபினோக்கி கல்லறைக்கு நடந்தோம். மருத்துவமனையில் இறந்தவர்களைப் புதைத்த இடம். இறக்கமான பாதை, இரண்டு பக்கமும் ஆலிவ் மரங்கள், ஒரு நாய் கொஞ்ச தூரம் கூடவே வந்துவிட்டுத் திரும்பிப் போனது. கல்லறை என்று சொன்னால்தான் தெரியும், பெரும்பாலும் புல்தான். ஸ்காபியாவும் இங்கேதான் இருக்கிறார், தன் நோயாளிகள் பக்கத்திலேயே புதைக்கச் சொல்லிவிட்டுப் போனாராம். அவருக்குப் பெயர் இருக்கிறது. அக்கா மகன் வழியில் பறித்த ரோஸ்மேரிக் கொத்தை எங்கே வைப்பது என்று கேட்டான். புல் மேல் எங்கேயாவது வை என்றேன்.

கிளம்பும் முன் பாட்டியிடம் கேமராத் திரையில் படங்களைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றையும் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தார். கல் இருக்கைப் படம் வந்ததும் விரலை வைத்து நிறுத்தினார். அவருடைய அம்மா ராத்திரி வீட்டுக்கு வந்ததும் பேசமாட்டாராம், அரை மணி நேரம் அடுப்புக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பாராம், பிள்ளைகள் யாரும் அப்போது அவரைத் தொந்தரவு செய்யக்கூடாதாம். இதைச் சொல்லிவிட்டு அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முற்றத்துக்கு அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை. இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது.

அந்தப் படத்தில் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டார். முகவரியை அவர் கையாலேயே என் நோட்டில் எழுதித் தந்தார், பெரிய பெரிய எழுத்தில், தபால் எண்ணுக்கு இரண்டு தடவை அடிக்கோடு போட்டு. புளிக்காய்ச்சல் பாட்டிலில் மிச்சமிருந்ததை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.

இதைச் சென்னையில் உட்கார்ந்து எழுதுகிறேன். படத்தை அச்சுப்போட்டு, கெட்டி அட்டை இரண்டுக்கு நடுவில் வைத்து, போன வாரம் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கண்காணிப்பு எண்ணை அக்கா மகனுக்கும் கொடுத்திருக்கிறேன். நேற்று வரை மிலான் வந்திருக்கிறது.